கோயில் இணையதளத்தில் தேதி தவறு, தலைப்பு மாறுகிறது, தமிழ் உடைகிறது: வேர்ட்பிரஸ் குறிச்சொற்களைச் சரிசெய்யும் வழி

தைப்பூசக் காவடிக்குக் கொடியேறும் வாரத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் ஆண்டுதோறும் ஒரே மாதிரி இருக்கின்றன. “அண்ணா, தேதியை மாற்றினேன், பக்கத்தில் மாறவில்லை.” “ஐயா, கோயில் பெயர் பாதியில் நிற்கிறது.” “தளம் திறந்தால் வெள்ளையாக இருக்கிறது.” மொரிஷியஸில் ரோஸ் ஹில்லிலும் குவாத்ர் போர்னிலும் தெற்கே சில ஊர்களிலும் உள்ள கோயில்கள், தமிழ்ச் சங்கங்களின் இணையதளங்களை மாலை நேரங்களில் பார்த்துக் கொடுப்பவன் நான். எல்லாம் வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் இயங்குபவை. பெரும்பாலானவற்றின் வடிவமைப்பு பிரெஞ்சுக்காகச் செய்யப்பட்டது. தமிழ் பிறகு சேர்க்கப்பட்டது. அதனால் பழுதுகளும் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் வருகின்றன.

இந்தத் தீவில் பல பிள்ளைகள் தமிழைப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள், வீட்டில் கிரியோல். அப்படி எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு பிள்ளை, பாட்டியின் கைப்பேசியில் கோயில் அறிவிப்பைத் திறக்கும்போது, புள்ளி விழுந்துபோன ஒரு சொல்லைச் சரியான சொல் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் கீழே வருவனவற்றைச் சிறு அழகுப் பிரச்சினைகளாக என்னால் பார்க்க முடியவில்லை.

குறிச்சொல் என்று நான் சொல்வது டெம்ப்ளேட் டேக்கை: தீமின் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) கோப்புகளுக்குள் இருந்துகொண்டு தலைப்பையும் தேதியையும் உள்ளடக்கத்தையும் எடுத்துவந்து பக்கத்தில் வைக்கும் சிறு கட்டளை. அவற்றின் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். கோப்பில் எழுதும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி வரும் இடத்தில் கீழ்க்கோடு இட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், கோப்பைத் தொடுவதற்கு முன் அதன் நகல் ஒன்றை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றங்களைச் சேய்த் தீமில் (மூலத் தீமைச் சார்ந்து, உங்கள் திருத்தங்களை மட்டும் வைத்திருக்கும் தனித் தீம்) மட்டும் செய்யுங்கள். நேரம் இல்லை என்று இந்த இரண்டையும் தவிர்த்தவர்களுக்குத்தான் பிறகு ஒரு முழு இரவு செலவாகியிருக்கிறது.


அறிகுறி 1: மாற்றிச் சேமித்தேன், பக்கத்தில் எதுவும் மாறவில்லை

வேறு உலாவியில், தனிப்பட்ட சாளரத்தில் மாறியிருக்கிறதா?

மாறியிருந்தால் குற்றம் உங்கள் உலாவியின் கேஷில்தான், அதாவது வேகத்துக்காக அது சேமித்து வைத்திருக்கும் பழைய நகலில். அதைத் துடைத்தால் போதும். அங்கேயும் மாறவில்லை என்றால் வேர்ட்பிரஸில் கூடுதலாக நிறுவியிருக்கும் துணை மென்பொருளான கேஷ் பிளகினைத் திறந்து அனைத்தையும் அழியுங்கள். தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் சில தங்கள் பக்கத்திலும் கேஷ் வைத்திருக்கும். அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பலகத்தில் அதற்குத் தனிப் பொத்தான் இருக்கும்.

கேஷ் இல்லை என்றால், சரியான கோப்பைத்தான் திருத்தினீர்களா?

வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் கோப்பை ஒரு வரிசைப்படி தேடுகிறது. தனிப் பதிவு என்றால் முதலில் ‘சிங்கிள்’ கோப்பு, அது இல்லை என்றால் ‘சிங்குலர்’, அதுவும் இல்லை என்றால்தான் ‘இண்டெக்ஸ்’. முகப்புக்கு ‘ஃபிரன்ட் பேஜ்’ கோப்பு இருந்தால் மற்றவை எதையும் அது பார்ப்பதே இல்லை. நீங்கள் ‘இண்டெக்ஸ்’ கோப்பைத் திருத்திவிட்டு, ‘சிங்கிள்’ கோப்பால் காட்டப்படும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் விடியும்வரை எதுவும் மாறாது. சோதனை எளிது: நீங்கள் திருத்தும் கோப்பின் நடுவே ‘சோதனை’ என்ற சொல்லை எழுதிச் சேமியுங்கள். பக்கத்தில் அது தெரியவில்லை என்றால் அது உங்கள் கோப்பு அல்ல. பார்த்ததும் அழித்துவிடுங்கள்.

தீம் புதிய வகையா?

2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 பதிப்பிலிருந்து பிளாக் தீம்கள் பரவியிருக்கின்றன. இவற்றில் பக்க அமைப்பு எச்டிஎம்எல் கோப்புகளில் இருக்கும்; வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் குறிச்சொல்லை அங்கே எழுதினால் அது இயங்காது. அதைவிட அதிகம் குழப்புவது வேறொன்று. தள எடிட்டரில் யாராவது ஒருமுறை அந்த அமைப்பைத் திருத்திச் சேமித்திருந்தால் அந்தத் திருத்தம் தரவுத்தளத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு கோப்பில் நீங்கள் எழுதுவதை வேர்ட்பிரஸ் கவனிக்காது. தள எடிட்டரில் வார்ப்புருக்களின் பட்டியலைத் திறந்து, அந்த வார்ப்புருவைப் பழைய நிலைக்குத் திருப்பும் கட்டளையைக் கொடுத்தால் கோப்பு மீண்டும் உயிர்பெறும். முன்பு செய்த திருத்தம் போய்விடும் என்பதால் அதை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று வரை இருந்த மாற்றம் இன்று காணவில்லையா?

தீம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் மூலத் தீமில் எழுதியிருந்தீர்கள். புதுப்பிப்பு அந்தக் கோப்புறையை முழுவதுமாக மாற்றி எழுதிவிடும். நகல் இருந்தால் சேய்த் தீமுக்குக் கொண்டுபோங்கள். அந்தத் தீமின் ஸ்டைல் கோப்பின் தலையில் ‘டெம்ப்ளேட்’ என்ற வரியில் மூலத் தீமின் கோப்புறைப் பெயர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். தீமின் காட்சிப் பெயரை அங்கே எழுதினால் வேலை செய்யாது. நகலும் இல்லை, ஹோஸ்டிங்கில் காப்புப் பிரதியும் இல்லை என்றால் அதைத் திரும்ப எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த வேலைக்குத்தான் ஆள் வைக்க வேண்டியிருக்கும்.


அறிகுறி 2: வெள்ளைத் திரை, அல்லது ‘கடுமையான பிழை’ என்ற அறிவிப்பு

கடைசியாக நீங்கள் தொட்ட கோப்பின் பழைய நகலை ஹோஸ்டிங்கின் கோப்பு மேலாளர் வழியாகத் திரும்ப வையுங்கள். தளம் திறந்துவிட்டால் பிழை உங்கள் திருத்தத்துக்குள் இருக்கிறது, அமைதியாகத் தேடலாம். பக்தர்கள் பார்க்கும் தளத்தை மூடி வைத்துக்கொண்டு தேடாதீர்கள்.

2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, தளம் விழும்போது வேர்ட்பிரஸ் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பை அனுப்புகிறது. எந்த பிளகின் அல்லது தீம் விழ வைத்தது என்பதும் அதில் இருக்கும். ஆனால் கோயில் தளங்களில் அந்த முகவரி பெரும்பாலும் மூன்று நிர்வாகக் குழுக்களுக்கு முன் செயலாளராக இருந்தவருடையது! அந்தப் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து மின்னஞ்சலைப் பார்க்கச் சொல்லுங்கள். தளம் எழுந்ததும் பொது அமைப்புகளில் முகவரியை மாற்றுங்கள். குழு மாறும் ஒவ்வொரு முறையும் சாவிக்கொத்தோடு சேர்த்து இதையும் ஒப்படைக்க வேண்டும்.

மின்னஞ்சல் கிடைக்கவில்லையா? தளத்தின் ‘டபிள்யூபி கான்ஃபிக்’ கோப்பில் ‘டபிள்யூபி டீபக்’, ‘டபிள்யூபி டீபக் லாக்’ இரண்டையும் இயக்கி, திரையில் காட்டும் ‘டபிள்யூபி டீபக் டிஸ்பிளே’யை அணைத்து வையுங்கள். இந்தப் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில். பிறகு ‘டபிள்யூபி கன்டென்ட்’ கோப்புறையில் டீபக் லாக் என்ற கோப்பு உருவாகும். அதன் கடைசி வரியில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும்.

எண் 48 என்றால் 47ஐயும் பாருங்கள். அரைப்புள்ளி விடுபட்டது முந்தைய வரியில் இருக்கும். பிழை தெரிவது அடுத்த வரியில். வளைந்த மேற்கோள் குறிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எங்கோ ஒரு பக்கத்திலிருந்து நகலெடுத்த கட்டளைகளில் நேரான மேற்கோள் குறிகள் அழகுக்காக வளைக்கப்பட்டிருக்கும். பிஎச்பிக்கு அவை புரியாது. அழித்துவிட்டு உங்கள் விசைப்பலகையிலேயே அடியுங்கள்.

அந்த லாக் கோப்பில் ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்று வந்து, ‘ஃபங்ஷன்ஸ்’ கோப்பின் முதல் வரியைக் காட்டினால், கோப்பின் தொடக்கத்தில் ஓர் இடைவெளியோ கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறியோ ஒட்டியிருக்கிறது. பழைய விண்டோஸ் நோட்பேடில் தமிழ் எழுதிச் சேமித்தால் அந்தக் குறி தானாகச் சேர்ந்துவிடும். நோட்பேட்++ போன்ற எடிட்டரில் திறந்து, பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். கோப்பின் கடைசியில் இருக்கும் பிஎச்பி முடிப்புக் குறியையும் எடுத்துவிடுங்கள். அது தேவையில்லை, அதன் பின்னால் ஒரு வெற்று வரி இருந்தாலே இதே பிழை வரும்.

நீங்கள் எதையும் தொடவில்லை, ஒரு காலையில் தானாகவே விழுந்துவிட்டது என்றால், ஹோஸ்டிங் பிஎச்பி 8க்கு மாறியிருக்கலாம். பழைய தீம்களில் இருக்கும் ‘கிரியேட் ஃபங்ஷன்’ போன்றவை அந்தப் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன. கட்டுப்பாட்டுப் பலகத்தில் தற்காலிகமாக பிஎச்பி 7.4க்குத் திரும்பினால் தளம் எழும். திருவிழா முடியும்வரை அப்படி ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டாம், அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. தீமை மாற்றி எழுதத் தெரிந்தவரை இதற்குக் கட்டாயம் அழையுங்கள்.


அறிகுறி 3: குறிச்சொல்லை வைத்தேன், இடம் காலியாக இருக்கிறது, அல்லது வேறு இடத்தில் தோன்றுகிறது

பெயர் ‘கெட்’ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். ‘தி டைட்டில்’ தலைப்பை எடுத்துவந்து அச்சிட்டும் விடும். ‘கெட் தி டைட்டில்’ எடுத்துவந்து உங்கள் கையில் கொடுக்கும்; அச்சிடுவது உங்கள் வேலை. முன்னால் ‘எக்கோ’ இல்லை என்றால் இடம் காலியாகத்தான் இருக்கும்.

நேர்மாறானது அடுத்த பழுது. வேறு சொற்களோடு ஒட்டி ஒரே வரியாக்கும்போது ‘தி டைட்டில்’ எழுதினால், அது ஒட்டுவதற்குக் காத்திராமல் முதலிலேயே அச்சாகிவிடும். தலைப்பு பெட்டிக்கு வெளியே, மேலே தொங்கும். அங்கே ‘கெட்’ வடிவம்தான் வேண்டும். ஷார்ட்கோடு (பதிவில் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் சுருக்கக் கட்டளை) எழுதியவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள்: எக்கோ செய்யாமல் ரிட்டர்ன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அர்ச்சனைக் கட்டணப் பட்டியல் பக்கத்தின் தலையில் போய் நிற்கும்.

பத்திகள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, ஷார்ட்கோடுகள் சதுர அடைப்புக்குறியோடு அப்படியே தெரிகின்றனவா? ‘கெட் தி கன்டென்ட்’ பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது வடிகட்டிகள் (உரையைக் காட்டும் முன் மாற்றியமைக்கும் கட்டளைகள்) எதுவும் ஓடாத மூல உரையைத் தரும். ‘தி கன்டென்ட்’ என்று மாற்றுங்கள்.

திருவிழா நாள் இருக்க வேண்டிய இடத்தில் ‘அரே’ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், ‘கெட் போஸ்ட் மெட்டா’வின் மூன்றாவது இடத்தில் ‘ட்ரூ’ விடுபட்டிருக்கிறது. சேர்த்தால் சரியாகிவிடும்.

படத்தொகுப்பு, படிவம், மேலே வரும் நிர்வாகப் பட்டை எல்லாம் ஒன்றாகக் காணாமல் போனால் ‘ஹெடர்’ கோப்பில் ‘டபிள்யூபி ஹெட்’, ‘ஃபுட்டர்’ கோப்பில் ‘டபிள்யூபி ஃபுட்டர்’ இருக்கின்றனவா என்று பாருங்கள். யாரோ சுத்தம் செய்கிறேன் என்று நீக்கியிருப்பார்கள்.


அறிகுறி 4: வேறு பதிவின் தலைப்பு வருகிறது

பக்கவாட்டில் ‘அண்மை அறிவிப்புகள்’ போன்ற பட்டியல் இருக்கிறதா? அதைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுப் பாருங்கள். தலைப்பு சரியாகிவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. அந்தப் பட்டியல் தனக்கென்று ஒரு லூப் (பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் சுற்று) ஓட்டி, கடைசியாக எடுத்த பதிவைக் கையில் பிடித்தபடியே நிற்கிறது; அதற்குக் கீழே வரும் குறிச்சொற்கள் எல்லாம் அந்தப் பதிவைப் பற்றியே பேசும். பட்டியலின் லூப் முடிந்த இடத்தில் ‘டபிள்யூபி ரீசெட் போஸ்ட்டேட்டா’ என்ற ஒரு வரி போதும். அந்தப் பட்டியல் ‘க்வெரி போஸ்ட்ஸ்’ கொண்டு எழுதப்பட்டிருந்தால் அதை ‘டபிள்யூபி க்வெரி’ வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். முதன்மை வினவலையே குலைக்கும் அந்தக் கட்டளையை ஒட்டுப்போட்டு வைத்திருப்பதில் பயனில்லை.

பட்டியல் எதுவும் இல்லை. ‘பூஜைகள்’ பிரிவைத் திறந்தால் மேலே முதல் பதிவின் தலைப்பு வருகிறது என்றால், லூப்புக்கு வெளியே ‘தி டைட்டில்’ எழுதப்பட்டிருக்கிறது. பிரிவுப் பக்கத்தில் ‘சிங்கிள் கேட் டைட்டில்’ எழுதுங்கள். ‘தி ஆர்க்கைவ் டைட்டில்’ எழுதினாலும் வரும். ஆனால் முன்னால் ‘பிரிவு’ என்ற சொல்லைச் சேர்த்துக் காட்டும். அறிவிப்புகள் அனைத்தையும் காட்டும் பக்கத்துக்கு ‘சிங்கிள் போஸ்ட் டைட்டில்’.


அறிகுறி 5: தேதி தவறாக இருக்கிறது

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதைப் பற்றியது. விரதம் தொடங்கும் நாளை இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பலர் முடிவு செய்கிறார்கள் என்பதால் இதில் நான் நேரம் செலவழிக்கத் தயங்குவதில்லை.

தேதி பல வாரங்கள் தள்ளி இருக்கிறது

‘தைப்பூசக் காவடி’ என்ற தலைப்பின் கீழே ஜனவரி 3 என்று இருக்கும், காவடியோ பிப்ரவரியில். குறிச்சொல் பழுதாகவில்லை. ‘கெட் தி டேட்’ காட்டுவது அறிவிப்பு வெளியான நாளை. விழா நடக்கும் நாள் அதற்குத் தெரியாது. படிப்பவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். நிகழ்ச்சிப் பதிவுகளில் வெளியீட்டுத் தேதியை எடுத்துவிட்டு, விழா நாளைத் தனிப் புலத்தில் எழுதி அதைக் காட்டுங்கள். தை, சித்திரை என்று தமிழ் மாதமும் நாளும் காட்ட வேர்ட்பிரஸில் குறிச்சொல் கிடையாது. அதைக் கணக்கிடும் பிளகினைத் தேடி அலையாமல், குருக்கள் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வதைக் கையால் அந்தப் புலத்தில் எழுதுங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

நள்ளிரவு முதல் காலை 4 மணி வரை மட்டும் நேற்றைய தேதி

முகப்பில் ‘இன்றைய பூஜைகள்’ காட்டும் தளங்களில் இது வரும். காவடியன்று அதிகாலை 3 மணிக்குக் குளித்துவிட்டுக் கைப்பேசியைத் திறப்பவர் நேற்றைய நிகழ்ச்சி நிரலைப் பார்ப்பார். பகலில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதனால்தான் இது ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை. வேர்ட்பிரஸ் தனக்குள் பிஎச்பியின் கடிகாரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது. மொரிஷியஸ் அதைவிட 4 மணி நேரம் முன்னே. தீமில் வெறும் ‘டேட்’ என்று எழுதியிருந்தால் அந்த 4 மணி நேரமும் நாள் பின்தங்கும். அந்த இடத்தில் ‘டபிள்யூபி டேட்’ என்று எழுதுங்கள்; 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து இருக்கிறது, தளத்தின் நேர மண்டலத்தை மதிக்கும்.

எல்லா நேரங்களும் 2 அல்லது 3 மணி பின்தங்கி இருக்கின்றன

ஜனவரியில் வித்தியாசம் 3 மணி, சித்திரைப் புத்தாண்டுச் சமயத்தில் 2 மணி என்று மாறுகிறதா? தளம் பாரிஸ் நேரத்தில் ஓடுகிறது. பிரான்ஸில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். இங்கே 2008-09 கோடையில் ஒருமுறை அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். பொது அமைப்புகளில் நேர மண்டலத்தை மாற்றுங்கள். ‘ஆப்பிரிக்கா’ பிரிவில் மொரிஷியஸைத் தேடிக் கிடைக்காமல் திரும்பியவர்கள் பலர். அது ‘இந்தியன்’ என்ற பிரிவில், ரீயூனியனோடு சேர்ந்து இருக்கிறது.

மாற்றியபின் புதிய பதிவுகள் சரியாக வரும். பழையவை எழுதப்பட்ட நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். முக்கியமானவற்றைக் கையால் திருத்துங்கள். இனி வெளியாகக் காத்திருக்கும் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து நேரத்தைப் பாருங்கள்.

ஒரே நாளில் போட்ட மூன்று அறிவிப்புகளில் முதலாவதுக்கு மட்டும் தேதி

‘தி டேட்’ அப்படித்தான் வேலை செய்யும்: பட்டியலில் ஒரு நாளுக்கு ஒருமுறைதான் அச்சிடும். எக்கோவோடு ‘கெட் தி டேட்’ எழுதுங்கள்.

குறித்த நேரத்தில் பதிவு வெளியாகவில்லை

யாராவது தளத்தைத் திறந்தால்தான் வேர்ட்பிரஸின் அட்டவணை வேலை ஓடும். விடியற்காலையில் யாரும் வராத சிறு தளத்தில் அது தாமதமாகும். முதல் நாள் இரவே வெளியிட்டுவிடுவது எளிய தீர்வு. அது முடியாது என்றால் ஹோஸ்டிங்கில் கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) அமைத்துத் தரச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பத்து நிமிட வேலை.


அறிகுறி 6: தமிழ்ப் பக்கத்தில் பிரெஞ்சுச் சொற்கள்

மாதப் பெயர் மட்டும் பிரெஞ்சில் வந்தால் தளத்தின் மொழி பிரெஞ்சாக இருக்கிறது, அல்லது தமிழ் மொழித் தொகுப்பு நிறுவப்படவில்லை. பொது அமைப்புகளில் மொழிப் பட்டியலில் தமிழை ஒருமுறை தேர்ந்தெடுத்துச் சேமித்தால் தொகுப்பு இறங்கிவிடும். பிறகு பழைய மொழிக்குத் திரும்பலாம். பன்மொழி பிளகின் இருந்தால் தமிழ்ப் பக்கங்களில் மாதப் பெயர் தமிழுக்கு மாறும்.

‘லிர் லா சுயித்’ என்று ‘மேலும் படிக்க’ இருக்க வேண்டிய இடத்தில் நின்றால், வடிவமைத்தவர் அந்தச் சொற்களைக் கோப்பிலேயே நேரடியாக எழுதிவிட்டார். அவற்றை இரட்டைக் கீழ்க்கோட்டு மொழிபெயர்ப்புச் சார்புக்குள் வைத்து, தீமின் டெக்ஸ்ட் டொமைன் பெயரையும் (அதன் மொழிபெயர்ப்புகளுக்கான அடையாளப் பெயர்) கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று இடங்கள் என்றால் நீங்களே செய்யலாம். கோப்புக்குக் கோப்பு இருந்தால் ஆளிடம் கொடுங்கள்.


அறிகுறி 7: தமிழ் எழுத்துகள் உடைகின்றன

முதல் சோதனை எப்போதும் ஒன்றுதான்: அந்தப் பதிவை நிர்வாகப் பக்கத்தில் எடிட்டரில் திறங்கள். எடிட்டரில் தமிழ் சரியாக இருந்து, பக்கத்தில் மட்டும் உடைந்தால் குற்றம் தீமில், நீங்களே சரிசெய்யலாம். எடிட்டரிலும் உடைந்திருந்தால் குற்றம் தரவுத்தளத்தில். அங்கே சேமிப்புப் பொத்தானை அழுத்தாமல் வெளியே வாருங்கள்.

எடிட்டரில் சரி, சுருக்கத்தின் கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம்

தீமில் ‘சப்ஸ்டர்’ என்ற கட்டளை உரையை வெட்டுகிறது. அது எண்ணுவது பைட்டுகளை, அதாவது கணினிச் சேமிப்பின் சிறு அலகுகளை. ‘கோயில்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்யின் கொம்பு, கால், புள்ளி போன்றவை தனியாக எண்ணப்படுவதால் ஆறு குறிகள். சேமிப்பில் 18 பைட்டுகள். பிரெஞ்சுக்கு என்று 100ஆவது பைட்டில் வெட்டினால் தமிழில் ஒரு குறியின் நடுவே கத்தி விழும்.

கறுப்பு வைரம் இல்லை. ஆனால் புள்ளியோ கொக்கியோ விழுந்துபோகிறது

யாரோ முன்பே ‘எம்பி சப்ஸ்டர்’ என்று மாற்றியிருக்கிறார்கள். அது குறிகளை எண்ணும். ‘கோயில்’ ஐந்தாவது குறியில் வெட்டப்பட்டால் ‘கோயில’ ஆகிவிடும். வைரம் மறைந்ததால் சரியாகிவிட்டது என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் தமிழ் படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு இது பிழையாகவே தெரியாது. ‘கிராஃபீம் சப்ஸ்டர்’ முழு எழுத்துகளாக வெட்டும். அதற்குச் சர்வரில் பிஎச்பியின் ‘இன்டில்’ நீட்டிப்பு வேண்டும். அதுவும் ‘ஸ்ரீ’யை இரண்டாக எண்ணி ‘ஸ்’ என்று நிறுத்திவிடக்கூடும், நம் கோயில் பெயர்கள் பலவும் தொடங்குவதே அந்த எழுத்தில்.

ஆகவே எழுத்தை எண்ணி வெட்டுவதையே விட்டுவிடுங்கள். ‘டபிள்யூபி ட்ரிம் வேர்ட்ஸ்’ சொல்லை எண்ணி வெட்டும். எந்த எழுத்தும் உடையாது. ‘தி எக்ஸர்ப்ட்’ இயல்பாக 55 சொற்கள் தரும். வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்ளும் தமிழில் 55 சொற்கள் பிரெஞ்சின் 55ஐவிட நிறைய இடம் பிடிக்கும், பெட்டி வழியும். தமிழ்ப் பக்கங்களில் ‘எக்ஸர்ப்ட் லெங்த்’ வடிகட்டியால் 25 என்று குறைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த அளவு பெரும்பாலும் பொருந்திவந்திருக்கிறது.

எடிட்டரில் சரி, பக்கத்தில் தலையில் கோடு ஏறிய பிரெஞ்சு எழுத்துகளின் வரிசை

இங்கே இதைப் பார்ப்பவர்கள் பிரெஞ்சு உரைதான் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். சாய்கோடு ஏறிய ‘ஆ’ எழுத்தும், அதையடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்தால் அது தமிழ்தான்: மூன்று பைட்டுத் தமிழ்க் குறிகளை ஒற்றைப் பைட்டு லத்தீன் எழுத்துகளாகப் படித்திருக்கிறது. ‘ஹெடர்’ கோப்பில் எழுத்துத் தொகுதி ஐஎஸ்ஓ-8859-1 என்று கையால் எழுதியிருக்கிறதா பாருங்கள், யுடிஎஃப்-8 ஆக்குங்கள். அது சரியாக இருந்தால் ‘யுடிஎஃப்8 என்கோட்’ என்ற கட்டளையைத் தீம் முழுவதும் தேடுங்கள். ஒருகாலத்தில் பிரெஞ்சு உச்சரிப்புக் குறிகளைக் காப்பாற்ற அதைத் தூவி வைப்பார்கள். ஏற்கெனவே சரியாக இருக்கும் தமிழை அது மறுபடியும் மாற்றிக் குலைக்கும். எடுத்துவிட்டு, பிரெஞ்சுப் பக்கங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எழுத்து முழுமையாக இருக்கிறது. தலைப்புகளில் புள்ளிகளும் கொக்கிகளும் மேலே வெட்டுப்படுகின்றன

வரி உயரம் 1 என்று வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பக்கங்களுக்கு 1.5 கொடுங்கள். பிரெஞ்சுத் தலைப்புகளுக்காக வைத்த எழுத்து இடைவெளியையும் தமிழுக்கு நீக்குங்கள். கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

எடிட்டரிலேயே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருக்கிறது

பெரியவர் யாரோ பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பிலிருந்து ஒட்டியிருக்கிறார். தளத்தில் பழுது இல்லை. யூனிகோடு மாற்றியில் இட்டு மாற்றி, மீண்டும் ஒட்டுங்கள். மாற்றிகள் சில இடங்களில் தவறும் என்பதால் வரிக்கு வரி படித்துப் பாருங்கள்.

அறிவிப்பின் முகவரி சதவீதக் குறிகளால் நீண்டு, பாதியில் நிற்கிறது

முகவரிக்கு வேர்ட்பிரஸ் தரும் இடம் 200 எழுத்து. ஒரு தமிழ்க் குறி அதில் ஒன்பதைத் தின்னும். 22 குறிகளோடு இடம் முடிந்துவிடும். ‘ஸ்ரீ’ மட்டுமே நான்கு குறிகள். கோயில் பெயரிலேயே இடம் தீர்ந்துவிடுவதால் இரண்டு அறிவிப்புகளுக்கு ஒரே முகவரி அமைந்து, இரண்டாவதன் வாலில் 2 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். வெளியிடும் முன் முகவரியை மட்டும் சிறிய ஆங்கில எழுத்துகளில் நீங்களே எழுதுங்கள். ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் பரவிவிட்ட முகவரியை விழா முடியும்வரை மாற்றாதீர்கள்.

எடிட்டரிலும் பிரெஞ்சு எழுத்துக் குவியல், அல்லது கேள்விக்குறிகளின் வரிசை

இங்கே நிறுத்துங்கள். ஒரு புதிய வரைவில் ஒரு தமிழ் வரி எழுதிச் சேமித்துப் பாருங்கள், அவ்வளவுதான். புதியது சரியாக நின்று பழையவை மட்டும் கெட்டிருந்தால், ஹோஸ்டிங் மாற்றியபோது தரவுத்தளம் தவறான எழுத்துத் தொகுதியில் ஏற்றப்பட்டிருக்கிறது. பிரெஞ்சு எழுத்துக் குவியலாக இருந்தால் பைட்டுகள் உள்ளே இருக்கின்றன, மீட்க முடியும். கேள்விக்குறிகளாக இருந்தால் அந்த நகலில் தமிழ் இல்லை; பழைய சர்வரின் காப்புப் பிரதியில்தான் இருக்கும். பழைய ஹோஸ்டிங் கணக்கை இன்னும் மூடவில்லை என்றால் மூடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாற்றுக் கட்டளையை நேரடித் தரவுத்தளத்தில் ஓட்டி, மீட்கக்கூடிய ஒன்றை மீட்க முடியாததாக ஆக்கியதை நான் பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டுக் கோயில் வரலாறு அதில் இருந்தது.

தரவுத்தளம் தெரிந்தவரை அழையுங்கள். அவரிடம் மூன்றைக் கொடுங்கள்: தளம் கடைசியாகச் சரியாக இருந்த நாள், அதற்கு முந்தைய காப்புப் பிரதி, கெட்டுப்போன பதிவு ஒன்றின் முதல் வரி சரியாக எப்படி இருக்க வேண்டும் என்பதன் படம். அந்த வரியைத் தாளில் தெளிவாக எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். வருபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். திரையில் வருவதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு அந்தப் படம் வேண்டும். முடித்துவிட்டேன் என்று அவர் சொன்னதும், பணம் கொடுப்பதற்கு முன், தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து பத்துப் பதிவுகளையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.